பின்னங்கால் எங்கே இருந்தது?

எங்கள் பக்கத்தில் கபடியை 'ஆடுவது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'பாடுவது' என்பார்கள். "அடுத்து யாருடா பாடப் போறா?" "அவன் ஏறிப் பாடுவான், இவன் கோட்டுலயே நின்னு பாடிட்டு வந்துருவான்." பத்து வயதுவரை எனக்கு அது விளையாட்டு என்பதைவிடக் கச்சேரி போலத்தான் மனதில் இருந்தது. மூச்சு விடாமல் ஒருவன் பாட, ஏழு பேர் அவன் பாட்டு எங்கே அறுகிறது என்று காத்திருக்கும் கச்சேரி.

உத்தமபாளையத்தை நாங்கள் பாளையம் என்றுதான் சொல்வோம். முல்லைப் பெரியாறு பாயும் இருபோக நிலம். பங்குனி, சித்திரையில் இரண்டாம் போக அறுப்பு முடிந்து, ஜூனில் அணை திறக்கும்வரை வயல்கள் சும்மா கிடக்கும். சுற்றுப்பட்டு ஊர்களின் திருவிழாக்களும் அப்போதுதான் வரும். சாமி மலையேறிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ, 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று சிவப்பு எழுத்தில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். முதல் பரிசு இன்னார், இரண்டாம் பரிசு இன்னார், சுழற்கோப்பை இன்னார் நினைவாக என்று பெயர்கள் நிறைந்திருக்கும். ஆடப்போகிறவர்கள் பெயர் மட்டும் ஒன்றுகூட இருக்காது.

வயலில் கட்டி உடைத்து, மண்ணைச் சலித்துப் பரப்பித் தண்ணீர் தெளித்து, பதிமூன்று மீட்டருக்குப் பத்து மீட்டர் கோடு போடுவார்கள். சுண்ணாம்புத் தூள்தான் கோடு. நாலு மூலையிலும் சவுக்குக் கம்பு நட்டு ஃபோகஸ் லைட். அந்த வெளிச்சத்துக்கு வந்து குவியும் பூச்சிகள் எங்கள் தலையில் விழும். பெரியவர்களுக்குக் கம்பு கட்டிய கேலரி. சின்னப் பயல்களுக்குத் தரைதான். ஆனால் தரையில் உட்கார்ந்தவனுக்குத்தான் ஆட்டம் தெரியும். லாபிக் கோட்டை ஒட்டி உட்கார்ந்தால் ஆட்டக்காரன் கணுக்காலும் நம் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும். பிடிபட்டு இழுபடுகிறவன் சில நேரம் நம் மடியிலேயே வந்து விழுவான். மாமா என்னைக் கூட்டிப்போன முதல் வருஷமே ஒருவன் முழங்கை பட்டு என் உதடு கிழிந்தது. வீட்டில் படிக்கட்டில் விழுந்ததாகச் சொன்னோம்.

அங்கே உட்கார்ந்திருந்தவன் என்ற ஒரே தகுதியில்தான் தமிழ் கபடிப் படங்களைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு ஆடத் தெரியாது. பள்ளியில் என்னை 'அவுட்டுக்கு ஆள் எண்ணுற' வேலைக்கு வைத்திருந்தார்கள்.

'கில்லி' 2004இல் வந்தபோது பத்தாம் வகுப்பு. இடைவேளையில் தியேட்டர் வாசலிலேயே கோடு போட்டுப் பாடினோம். இருபது வருஷம் கழித்து 2024இல் மறுபடி திரைக்கு வந்தபோது பெங்களூரில் போய்ப் பார்த்தேன். அது கபடிப் படமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மகேஷ் பாபு நடித்த 'ஒக்கடு' தெலுங்குப் படத்தின் மறு ஆக்கம் அது. கபடி அதில் கதாநாயகனின் உடம்பு எவ்வளவு வலுவானது என்று காட்டும் ஒரு முன்னுரை. ஏழு பேரைச் சுமந்துகொண்டு கோட்டைத் தொடுவதும், வில்லன் ஆட்களை அடித்து வீசுவதும் ஒரே சண்டைப் பயிற்சியாளரின் கைவேலை. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, படம் எனக்கு இப்போதும் பிடிக்கும். ஆனால் அந்தப் படத்தில் 'கபடி, கபடி' என்ற பாட்டு எங்கே அறுகிறது என்று யாரும் காது கொடுக்கவில்லை. பின்னணி இசை அதை விழுங்கிவிடுகிறது.

வயலில் அது நேரெதிர். நல்ல ஆட்டக்காரன் கோட்டைத் தாண்டியதும் ஆயிரம் பேர் கூட்டம் தானாக அடங்கும். அம்பயர் பாதி கண்ணாலும் பாதி காதாலும் வேலை செய்வார். பாட்டு கேட்கும்படி, விடாமல் இருக்க வேண்டும் என்பது விதி. உதட்டசைவு மட்டும் இருந்து சத்தம் வராவிட்டால் ஆள் அவுட். அதனால் எங்கள் ஊர் ரசிகனுக்கு ரெய்டு என்பது முதலில் ஒரு சத்தம், அடுத்தது கால். முகம் கடைசியில்தான். சினிமாவில் முகம் முதலில் வருகிறது, கடைசியிலும் முகமே வருகிறது.

சுசீந்திரனின் முதல் படம் 'வெண்ணிலா கபடி குழு' 2009 ஜனவரியில் வந்தது. அப்போது நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். விடுதியில் மற்றவர்களெல்லாம் சூரியின் புரோட்டா காட்சியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, நான் அந்தப் படத்தின் மண்ணைப் பற்றிப் பேசி எல்லோரையும் அறுத்தேன். தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு கிராமத்து அணி, ஆடு மேய்க்கும் பையன், அவனை அணியில் சேர்ப்பதா என்பதில் வெளிப்படும் சாதி என்று எல்லாமே நான் தரையில் உட்கார்ந்து பார்த்த உலகம். எங்கள் பக்கத்துப் போட்டிகளிலும் எந்தத் தெரு அணி எந்தத் தெரு அணியோடு மோதும்படி சீட்டு எடுக்கக்கூடாது என்பதில் கமிட்டிக்காரர்கள் மிகவும் கவனமாக இருப்பார்கள். சீட்டுக் குலுக்கல் ஒப்புக்கு நடக்கும். படம் அதைத் தைரியமாகத் தொட்டது.

ஆனால் கடைசியில் மாரியப்பன் செத்துப்போகிறான். அடுத்த திருவிழாவுக்கு வரும் பெண் அவனைத் தேடி நிற்க, நண்பர்கள் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள். அழகான முடிவு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அழுதேன். பிறகு யோசித்தபோது ஒரு எரிச்சல் வந்தது. நான் பார்த்த ஆட்டக்காரர்கள் யாரும் கோட்டில் செத்துப்போகவில்லை. முழங்கால் ஜவ்வு கிழிந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டப் போனார்கள். போலீஸ் கோட்டாவுக்கு ஓடி வயது தாண்டித் திரும்பினார்கள். திராட்சைக் கொடிக்குக் கல்தூண் நட்டார்கள். ஒருத்தர் எங்கள் தெரு முக்கில் இட்லிக் கடை போட்டார். ஆட்டத்துக்குப் பிறகு இருக்கும் அந்த நாற்பது வருஷத்தை என்ன செய்வதென்று சினிமாவுக்குத் தெரியவில்லை. அதனால் ஒன்று சாகடிக்கிறது, இல்லையென்றால் பதக்கம் கொடுக்கிறது.

2025 அக்டோபரில் வந்த மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' இதில் பெரிய தாண்டல். அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய கதை. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டி வரை போனவர் அவர். ஒரு பையன் கோட்டுக்குள் வந்து சேர்வதற்கு முன்னால் ஊரில் எத்தனை கோடுகளைத் தாண்டவேண்டியிருக்கிறது என்பதை அவ்வளவு ஆவேசமாக இதுவரை யாரும் சொன்னதில்லை. பிடிகளிலும் உண்மை இருந்தது. கணுக்காலைப் பிடித்தவன் விடாமல் மண்ணில் தேய்ந்துகொண்டே போவதை அந்தப் படத்தில்தான் சரியாகப் பார்த்தேன். இருந்தாலும் அது ஜெயித்தவரின் கதை. மணத்தி கணேசனுக்கு நடந்தது நடந்தது, அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் படம் முடிந்து வெளியே வந்தபோது என் நினைவுக்கு வந்தது அவரைப் போன்ற யாருமில்லை. எங்கள் தெரு அக்கா ஒருத்திதான் வந்தார்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2000ஆம் வருஷம் என்று நினைக்கிறேன், எனக்குப் பதினொன்று நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் அரையிறுதி முடிந்து இறுதிப்போட்டி தொடங்குவதற்கு நடுவில், ராத்திரி பத்து மணிக்கு மேல், கூட்டம் கலையாமல் இருக்க 'மகளிர் காட்சிப் போட்டி' வைத்தார்கள். கமிட்டிக்காரர்களின் யோசனை. கோட்டை அழித்துப் பெண்களுக்கான பன்னிரண்டுக்கு எட்டு மீட்டர் போட நேரமில்லை என்று அதே கோட்டில் ஆடவிட்டார்கள். ஒரு பக்கம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேனில் வந்த அணி. இன்னொரு பக்கம் எங்கள் வட்டாரக் கல்லூரிப் பெண்கள். அதில் எங்கள் தெரு அக்காவும் ஒருவர். அவருடைய அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். டவுசர் போட்டு அவரை நாங்கள் பார்த்ததே கிடையாது, அன்றைக்குத்தான் பார்த்தோம்.

மைக் பிடித்தவர் ஆண்கள் ஆட்டத்தில் ஆட்டத்தைச் சொன்னார். பெண்கள் ஆட்டத்தில் ஜோக் சொன்னார். அவற்றை இங்கே எழுத விருப்பமில்லை. கூட்டம் சிரித்தது. அக்கா பாடப் போனார். உள்ளே ஏறி வலது கார்னரில் காலை நீட்டியவரைக் கவர் ஆட்டக்காரி இடுப்போடு கட்ட, இரண்டு பேர் வந்து விழ, மண்ணோடு மண்ணாக நான்கு பேர் எங்கள் பக்கம் உருண்டார்கள். அக்காவின் பனியன் மேலே ஏறியிருந்தது. கேலரியிலிருந்து விசில் பறந்தது. என் பக்கத்தில் இருந்தவன் விரலை மடித்து நாக்குக்கடியில் வைத்து அடித்தான். எனக்கு விரல் விசில் வராது, அதனால் வாயால் ஊளையிட்டேன்.

அக்கா எழுந்தார். பனியனை இழுத்துவிட்டார். நேராக அம்பயரிடம் போய் ஏதோ கேட்டார். அவர் கையை ஆட்டி 'போ' என்றார். திரும்பி வரும்போது நாங்கள் உட்கார்ந்திருந்த மூலையை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார் என்று அன்று முடிவு செய்துகொண்டேன். ஒரு வாரம் அந்த வீட்டு வழியாகப் போகவில்லை. அடுத்த வருஷம் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பிறகு ஆடவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு பெண் கபடி ஆடி எங்கே போய்ச் சேர்ந்திருக்க முடியும்? ஆண்கள் கபடி 1990 பெய்ஜிங்கிலேயே ஆசியப் போட்டிக்குள் வந்துவிட்டது. பெண்கள் கபடி வர 2010 குவாங்சோ வரை ஆனது. இருபது வருஷம். நான் ஊளையிட்டது அந்த இருபது வருஷத்தின் நட்டநடுவில். ரயில்வேயோ போலீஸோ கோட்டாவில் எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகைதான்.

சுசீந்திரனே இந்தப் பக்கம் திரும்பி 2019இல் 'கென்னடி கிளப்' எடுத்தார். நிஜமான வீராங்கனைகளை ஆடவைத்தார். நோக்கம் மிக நல்லது. தேனி மண்ணின் பாரதிராஜாவே பயிற்சியாளராக வந்ததில் ஊர்க்காரனாக எனக்குப் பூரிப்பும் உண்டு. ஆனால் இரண்டு மணி நேரமும் படம் இரண்டு ஆண்களின் கண்ணீர், கோபம், சபதம் வழியாகத்தான் அந்தப் பெண்களைப் பார்க்கிறது. தேர்வில் பணம் கேட்கும் அதிகாரியோடு யார் மோதுகிறார்கள்? பயிற்சியாளர்கள். ஆட்டத்தின் நடுவே ஒவ்வொரு பிடிக்கும் கேமரா எங்கே போகிறது? கோட்டுக்கு வெளியே நிற்கும் சசிகுமார் முகத்துக்கு. பெண்கள் அங்கே ஜெயித்தாலும் யாரோ ஒருவருடைய ஜெயமாகத்தான் இருக்கிறது. மைக்காரர் ஜோக் சொன்னார், இந்தப் படம் மரியாதையாகப் பேசுகிறது. ஆனால் மைக் இரண்டு பேரிடத்திலும் ஒன்றுதான்.

இதை நான் இவ்வளவு கறாராகச் சொல்வதற்கு ஒரு வெளியூர்க் காரணமும் உண்டு. வேலை நிமித்தமாக ஆறு மாதம் அமெரிக்காவில் டெக்சஸின் ஆஸ்டினில் இருந்தேன். சக ஊழியர் ஒருவர் சனிக்கிழமை ராத்திரி 'ரோலர் டெர்பி' பார்க்கக் கூட்டிப்போனார். சக்கரக் காலணி கட்டிய பெண்கள் முட்டை வடிவத் தடத்தில் சுற்றிவரும் ஆட்டம். ஒரு அணிக்குத் தடத்தில் ஐந்து பேர். அதில் ஒருத்தி தலைக்கவசத்தில் நட்சத்திரம் போட்டிருப்பாள். அவள்தான் பாடப் போகிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் கூட்டத்தைப் பிளந்து வெளியே வந்துவிட்டால், அடுத்த சுற்றிலிருந்து எதிரணியில் தாண்டும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புள்ளி. மற்ற நால்வர் தோளாலும் இடுப்பாலும் இடித்து மறிப்பார்கள். அதிகபட்சம் இரண்டு நிமிஷம், பிறகு அடுத்த ஆட்டம். பார்த்த பத்தாவது நிமிஷம் எனக்குப் பாளையம் வயல் வாசம் அடித்தது. தடத்தை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மடியில் ஒருத்தி வந்து விழுந்தாள்.

1935இல் சிகாகோவில் லியோ செல்ட்சர் என்ற விளம்பர வித்தகர் காசு பார்க்கத் தொடங்கிய ஆட்டம் அது. பிறகு தொலைக்காட்சி வேடிக்கையாகிச் செத்துப்போனது. 2000களின் தொடக்கத்தில் ஆஸ்டின் பெண்கள் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நடத்துபவர்களோடு சண்டைபோட்டுப் பிரிந்து, ஆடுகிறவர்களே சொந்தமாக நடத்தும் கழகமாக்கினார்கள். நான் போன அன்று டிக்கெட் கிழித்தவர், தடத்துக்கு நாடா ஒட்டியவர் எல்லாமே ஆட்டக்காரிகள்தான். மைக் பிடித்தவர் ஆட்டத்தை மட்டும் சொன்னார்.

'வெண்ணிலா கபடி குழு' வந்த அதே 2009இல் ட்ரூ பேரிமோர் இயக்கிய 'விப் இட்' இந்த ஆஸ்டின் டெர்பியைப் பற்றிய படம். அழகிப் போட்டிக்கு அம்மா இழுத்துப்போகும் சின்ன ஊர்ப் பெண் டெர்பி ஆடப்போகிறாள். சாதாரணமான கதைதான், பல இடங்களில் சர்க்கரை அதிகம். ஆனால் இரண்டு விஷயத்துக்காக அதைச் சுசீந்திரன் படங்களின் பக்கத்தில் வைக்கிறேன். ஒன்று, அதில் அவர்கள் அணி கோப்பையை வெல்வதில்லை. தோற்று, இரண்டாமிடம் என்று கூவிக் கொண்டாடுகிறார்கள். யாரும் சாகவில்லை. இரண்டு, எதிரணித் தலைவிக்கு வயது முப்பத்தாறு. முப்பத்தொன்றில்தான் ஆடவே வந்தவள். குழந்தை பெற்ற ஒருத்தியும் அணியில் இருக்கிறாள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வாழ்க்கை உண்டு என்பதை அந்தப் படம் சிரமமில்லாமல் ஒத்துக்கொள்கிறது. இந்தியில் 2020இல் வந்த 'பங்கா' இதன் அக்கம்பக்கம். ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு தாய் மறுபடி கபடிக்குத் திரும்புகிறாள். தமிழில் அப்படி ஒருத்தி இன்னும் வரவில்லை. கண்ணகி நகர் கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் தங்கம் வாங்கி வந்ததும் யாராவது கதை எழுதத் தொடங்கியிருப்பார்கள். அதில் பயிற்சியாளராக எந்த நடிகர் என்பதுதான் முதலில் முடிவாகும் என்று பயப்படுகிறேன்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டுத்தான் போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். கட்டுரையின் கடைசிப் பகுதி வேறு மாதிரி இருந்தது. நான் ஊளையிட்டதைப் பற்றி உருக்கமாக இரண்டு பத்தி இருந்தது.

அக்கா இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டா நகல், வாரிசுச் சான்று, ஆன்லைன் விண்ணப்பம். மகள் கோயமுத்தூரில் படிக்கிறாள். ஆதார் நகல் எடுக்கிற சாக்கில் போய் நின்றேன். "பெங்களூர்லதான இருக்க? இளைச்சுட்டடா" என்றார். கூட்டம் குறைந்ததும், கபடிப் படங்கள் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி 'கென்னடி கிளப்' பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"டிவில போட்டான். பிள்ளைக நல்லாத்தான் ஆடுதுக. ஆனா கால எங்கடா காட்டுறான்? பிடிக்கப் போறவ எதிராளி கண்ணப் பாக்க மாட்டா, இடுப்பையும் காலையும்தான் பாப்பா. படம் எடுக்கறவன் மூஞ்சியவே காட்டிக்கிட்டு இருந்தா ஆட்டம் எப்படித் தெரியும்?"

நான் மூன்று பக்கத்தில் சொல்லியிருந்ததை அவர் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டே சொல்லிவிட்டார். பிறகு தொண்டையைச் செருமி அந்த ராத்திரியைப் பற்றிப் பேச்செடுத்தேன். காட்சிப் போட்டி, விசில், நானும் கத்தினேன் என்று இழுத்தேன்.

"விசிலா? அது எல்லா ஊர்லயும் அடிப்பானுக. அதக் காதுல வாங்குனா ஆட முடியுமா?" என்றவர், சட்டென்று நிமிர்ந்தார். "நீ அந்த மூலையிலதான உக்காந்திருந்த? நான் பாத்தேனே. அன்னைக்கு போனஸ் குடுக்கல தெரியுமா அந்தாளு. உள்ள ஏழு பேர் நிக்கிறாங்க. முன்னங்கால் போனஸ் கோட்டத் தாண்டிருச்சு. சுண்ணாம்புல தடம் கூட இருந்துச்சு. பின்னங்கால் தரையில இருந்துச்சுங்கறான். தூக்கித்தான் இருந்துச்சு. அதுக்கப்பறம்தான் அவ என்னக் கட்டுனா. ஒரு புள்ளி. ஒரு புள்ளிலதான் தோத்தோம்."

விதி அதுதான். எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது முன்னங்கால் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றியிருக்க, பின்னங்கால் காற்றில் இருக்க வேண்டும். முன்னங்காலுக்குச் சுண்ணாம்பு சாட்சி சொல்லும். காற்றில் இருந்த காலுக்குத் தடம் கிடையாது. லாக் எடுத்து வைக்காத சிஸ்டத்தில் வந்த பிழை மாதிரி, யாராவது நேரில் பார்த்திருந்தால்தான் உண்டு. அம்பயர் எதிர்க்கோடியில் நின்றார். வலது கார்னர் கோட்டை ஒட்டி, இரண்டு கை தூரத்தில், கணுக்கால் உயரத்துக்குக் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

"அதுக்குத்தான் ஒங்க பக்கம் பாத்தேன். பயலுக எவனாவது பாத்திருப்பானுக, கேப்போம்னு. அம்பயரு போன்னுட்டான், வந்துட்டேன்." கல்லாவிலிருந்து எழுந்து மேசைக்கு இந்தப் பக்கம் வந்தார். தரை ஓட்டின் இடுக்கைப் போனஸ் கோடு என்று வைத்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, வலது காலை அதற்கு அப்பால் ஊன்றினார். நாற்பத்தைந்து வயதில் இடது கால் பின்னால் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி, ஆடாமல் நின்றது.

"இப்படி. நீ பாத்தியா இல்லியா, அதச் சொல்லு."

பனியன் ஏறியது நினைவிருந்தது. ஃபோகஸ் லைட்டில் பறந்த பூச்சிகூட நினைவிருந்தது. கால் நினைவில்லை.

"பாக்கலக்கா" என்றேன். வாசலில் ஒருவர் சிட்டா நகல் கேட்டு வந்து நின்றார். அக்கா காலை இறக்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு, "எத்தன காப்பிண்ணே?" என்று மெஷின் பக்கம் திரும்பினார்.